ஏ.எஃப்.பி.யைத் தேடியபோது அகப்பட்ட எச்19: கல்லீரல் புற்றுநோயும் புரதம் செய்யாத ஆர்.என்.ஏ.க்களும்

நாள்பட்ட ஹெப்படைட்டிஸ் பி உள்ளவர்களும் கல்லீரல் தழும்பேறிப்போகும் சிரோசிஸ் வந்தவர்களும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போவார்கள். அவர்களின் ஃபைலைப் புரட்டினால், வயிற்று ஸ்கேன் ரிப்போர்ட்டுக்குப் பக்கத்தில் ஒற்றைத் தாளில் ஒரு ரத்தப் பரிசோதனை முடிவு இருக்கும். ‘ஆல்ஃபா ஃபீட்டோபுரோட்டீன்’ என்று அச்சிட்டு, எதிரே ஓர் எண். சுருக்கமாக ஏ.எஃப்.பி. அந்த எண் 4 என்றோ 6 என்றோ இருந்தால் அன்று வீட்டில் எல்லோரும் நிம்மதியாகச் சாப்பிடுவார்கள். 400 என்று இருந்தால் உடனே சி.டி. ஸ்கேனுக்கு எழுதிக் கொடுப்பார்கள்.

இந்த ஏ.எஃப்.பி. வளர்ந்தவர்களின் ரத்தத்தில் பெயரளவுக்கு மேல் இருக்கக் கூடாத புரதம். கருவிலிருக்கும் சிசுவின் கல்லீரல் இதை ஏராளமாகச் சுரக்கிறது. குழந்தை பிறந்த பிறகு சுரப்பு படிப்படியாக அடங்கி, ஏறக்குறைய நின்றுபோகிறது. 1963இல் மாஸ்கோவில் காரி அபெலெவ், கல்லீரல் புற்று வந்த எலிகளின் ரத்தத்தில் இந்தச் சிசுப் புரதம் மறுபடி தலைகாட்டுவதைக் கண்டார். அடுத்த ஆண்டே யூரி தாதாரினோவ் அதை மனித நோயாளிகளிடமும் கண்டார். அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் நம் மருத்துவர்கள் எழுதிக் கொடுப்பது அதே பரிசோதனையைத்தான்.

பிறந்ததும் ஏ.எஃப்.பி. ஜீனை அணைப்பது எது, புற்று வரும்போது அதைத் திறந்துவிடுவது எது என்ற கேள்வி அப்படியே நின்றது. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் ஷெர்லி டில்மனின் ஆய்வகம் அதைத் துரத்தியது. ஏ.எஃப்.பி. எந்தக் கட்டளைக்குப் பணிகிறதோ, அதே கட்டளைக்குப் பணியும் வேறு ஜீன்கள் உண்டா என்று எலிச் சிசுக்களின் கல்லீரலில் சலித்துப் பார்த்தார்கள். 1984இல் ஒன்று அகப்பட்டது. அதன் பெயர் எச்19. சிசுவின் கல்லீரலில் கொட்டிக் கிடந்தது. பிறந்த பிறகு அடங்கியது. ஏ.எஃப்.பி.க்கு உடன்பிறந்தது போலவே நடந்துகொண்டது. ஆனால் அதன் எழுத்துகளை வரிசையாக வாசித்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. உருப்படியான எந்தப் புரதத்துக்கும் அதில் குறிப்பு இல்லை. 1990இல் அதே குழு, இந்த ஜீனின் விளைபொருள் புரதமாக இல்லாமல் ஆர்.என்.ஏ.வாகவே வேலை செய்யக்கூடும் என்று எழுதியது.

பாலூட்டிகளில் முதன்முதலாக அடையாளம் காணப்பட்ட நீள் குறியீடற்ற ஆர்.என்.ஏ. என்று இன்று எல்லோரும் சொல்வது அந்த எச்19ஐத்தான். அது கிடைத்த இடம் கல்லீரல். அதுவும் கல்லீரல் புற்றுநோயின் அடையாளப் புரதத்தைப் பின்தொடர்ந்து போனபோது. ஆராய்ச்சிக் கட்டுரைகள் ஒற்றை வரியில் கடந்துபோகும் இந்தச் செய்தி என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. சிசுப்பருவத்துக் கல்லீரலின் பழக்கங்களை முதிர்ந்த செல்கள் மறுபடி எடுத்துக்கொள்வது இந்தப் புற்றுநோயில் ஒரு பெரிய பகுதி. அந்தத் திரும்புதலில் புரதங்களோடு இந்த ஆர்.என்.ஏ.க்களும் கூடவே வருகின்றன.

இனி பெயர் விளக்கம். டி.என்.ஏ.வில் உள்ள ஜீனைப் பார்த்து ஆர்.என்.ஏ. படியெடுக்கப்படுகிறது; அந்தப் படியைப் பார்த்து ரைபோசோம் புரதத்தைக் கட்டுகிறது. பள்ளிப் பாடம் இதோடு முடிந்துவிடும். ஆனால் மனித மரபுத்தொகுதியின் 300 கோடி எழுத்துகளில் புரதத்துக்கான குறிப்புகள் 2 சதவீதம்கூட இல்லை. மற்றவற்றில் பெரும்பகுதியைக் குறிக்க 1972இல் சுசுமு ஓனோ பயன்படுத்திய ‘குப்பை டி.என்.ஏ.’ என்ற சொல் ஒட்டிக்கொண்டது. இந்த நூற்றாண்டில் படியெடுப்புகளைக் கருவி வைத்து எண்ணத் தொடங்கியபோது, அந்தக் ‘குப்பை’யிலிருந்தும் ஏராளமான ஆர்.என்.ஏ.க்கள் வருவது தெரிந்தது. அவற்றில் 200 எழுத்துகளுக்கு மேல் நீளமாக இருந்து, புரதம் செய்யாதவற்றை ‘நீள் குறியீடற்ற ஆர்.என்.ஏ.’ என்றார்கள். 200 என்ற எல்லையை ஆய்வகத்தில் பிரித்தெடுக்கும் வசதிக்காக வைத்தார்கள். 2023இல் இத்துறையினர் பலர் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை, 500 எழுத்துகளை எல்லையாகக் கொள்ளலாம் என்கிறது. பட்டியலில் இப்போது இப்படிப்பட்ட ஜீன்கள் புரத ஜீன்களைவிடவும் அதிகமாக இருக்கின்றன. அத்தனையும் வேலை செய்கின்றன என்று யாரும் நிரூபித்துவிடவில்லை. இதை இப்போதே சொல்லிவைக்கிறேன், பின்னால் தேவைப்படும்.

உலகில் 2022ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 8.66 லட்சம் பேருக்குப் புதிதாகக் கல்லீரல் புற்று கண்டறியப்பட்டது, சுமார் 7.58 லட்சம் பேர் இறந்தார்கள். இந்த இரண்டு எண்களும் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்று பாருங்கள். பெரும்பாலோருக்கு நோய் முற்றிய பிறகே தெரிகிறது என்பதை அந்த நெருக்கம் காட்டுகிறது. பெரும்பான்மை, கல்லீரலின் பிரதான செல்களான ஹெப்பட்டோசைட்டுகளில் தொடங்கும் வகை. அது திடீரென வருவதில்லை. ஹெப்படைட்டிஸ் பி அல்லது சி வைரஸ், மது, கொழுப்புக் கல்லீரல், பூஞ்சை பிடித்த கடலையிலும் சோளத்திலும் சேரும் அஃப்லாடாக்சின் நஞ்சு என்று ஏதோ ஒன்று இருபது, முப்பது ஆண்டுகள் கல்லீரலைக் காயப்படுத்திக்கொண்டே இருக்கிறது. காயம் ஆற, செல்கள் பிரிந்து பெருகுகின்றன. மறுபடி காயம், மறுபடி பெருக்கம். இந்த நீண்ட காலத்தில் ஒவ்வொரு கட்டத்திலும் எந்த ஜீன் எவ்வளவு பேச வேண்டும் என்ற ஒழுங்கு குலைகிறது. நீள் ஆர்.என்.ஏ.க்கள் நுழைவது அந்த ஒழுங்குக்குள்தான்.

இவற்றில் கல்லீரலோடு மிகவும் ஒட்டிய பெயர் ஹல்க். ‘கல்லீரல் புற்றில் மிகையாக உயர்ந்தது’ என்ற ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளைச் சேர்த்து வைத்த பெயர். 2007இல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகர ஆய்வாளர்கள் இதை வெளியிட்டார்கள். ஆறாவது குரோமோசோமிலிருந்து வரும், சுமார் 500 எழுத்துகள் கொண்ட சின்ன ஆர்.என்.ஏ. இயல்பான கல்லீரலில் கொஞ்சமாக இருப்பது, கட்டியில் பல மடங்கு ஏறியிருந்தது. நோயாளிகளின் ரத்தத்திலும் அதைக் கண்டறிய முடிந்தது.

ஹல்க் என்ன செய்கிறது? 2010இல் வெளிவந்த ஒரு விளக்கத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். செல்லுக்குள் மைக்ரோ ஆர்.என்.ஏ. என்று இருபத்திரண்டு எழுத்து நீளத்தில் குட்டித் துண்டுகள் திரிகின்றன. புரதம் செய்யப் போகும் ஆர்.என்.ஏ.வில் தனக்குப் பொருந்தும் இடத்தில் ஒட்டி அதன் வாயை அடைப்பது அவற்றின் வேலை. மிர்-372 என்ற குட்டித் துண்டு, கைனேஸ் வகைப் புரதம் ஒன்றின் உற்பத்தியை இப்படி அடக்கிவைத்திருக்கிறது. ஹல்க்கின் உடலில் மிர்-372 ஒட்டக்கூடிய இடம் இருக்கிறது. ஹல்க் பெருகும்போது மிர்-372 அதில் போய்ச் சிக்கிக்கொள்கிறது. காவல் இல்லாததால் கைனேஸ் கூடுகிறது. கைனேஸ் போய் கிரெப் என்ற புரதத்தில் பாஸ்பேட் ஏற்றி அதை எழுப்பிவிடுகிறது. எழுந்த கிரெப் எந்த ஜீனின் வாசலில், அதாவது படியெடுப்பு தொடங்கும் இடத்தில், போய் உட்காருகிறது தெரியுமா? ஹல்க் ஜீனின் வாசலில். இன்னும் ஹல்க், இன்னும் கைனேஸ், இன்னும் கிரெப். தானே தனக்கு எண்ணெய் ஊற்றிக்கொள்ளும் விளக்கு.

ஹெப்படைட்டிஸ் பி வைரஸுக்கு எச்.பி.எக்ஸ். என்றொரு புரதம் உண்டு. 2012இல் வந்த ஆய்வு, அந்தப் புரதமும் கிரெப்பின் வழியாகவே ஹல்க்கை உயர்த்துகிறது என்றது. அதன் பலனாகப் பெருக்கத்துக்குக் கடிவாளம் போடும் பி18 என்ற ஜீன் தணிகிறது. வைரஸ் அந்த விளக்கின் திரியைத் தூண்டிவிடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

வைரஸ் இதோடு விடுவதில்லை. ஹெப்படைட்டிஸ் பி தன் டி.என்.ஏ.யின் துண்டுகளை மனித குரோமோசோமுக்குள்ளேயே செருகிவிடும். இந்த வைரஸால் வரும் கல்லீரல் கட்டிகளில் பெரும்பாலானவற்றில் அத்தகைய செருகல்களைக் காணலாம். 2014இல் ஹாங்காங் ஆய்வாளர்கள் வெளியிட்டது, இத்துறையில் நான் வாசித்தவற்றிலேயே அதிகம் அதிரவைத்த கட்டுரை. எட்டாவது குரோமோசோமில் லைன்1 என்ற பழைய தாவு மரபணுத் துண்டுக்குப் பக்கத்தில் வைரஸ் செருகிக்கொண்ட இடத்திலிருந்து, பாதி வைரஸ் பாதி மனிதன் என்ற கலப்பு ஆர்.என்.ஏ. ஒன்று படியெடுக்கப்படுவதை அவர்கள் கண்டார்கள். சோதித்த ஹெப்படைட்டிஸ் பி கட்டிகளில் 23.3 சதவீதத்தில் அது இருந்தது. அது இருந்த நோயாளிகள் குறைந்த காலமே உயிர்வாழ்ந்தார்கள். அதிலிருந்து புரதம் வந்தாலும் வராவிட்டாலும் கெடுதல் நடந்தது. ஆர்.என்.ஏ.வாகவே அது செல்லின் வளர்ச்சிப் பாதை ஒன்றை உசுப்பிவிட்டது. மனித மரபுத்தொகுதியில் எந்தக் காலத்திலும் இல்லாத ஒரு நீள் ஆர்.என்.ஏ., தொற்றின் விளைவாக ஒருவருடைய கல்லீரலுக்குள் புதிதாகப் பிறக்கிறது. ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசியின் மதிப்பை எனக்கு இதைவிட அழுத்தமாக உணர்த்தியது வேறில்லை. வைரஸ் நுழையாத கல்லீரலில் இந்தக் கலப்பு ஆர்.என்.ஏ. உருவாக வழியே இல்லை.

கட்டி இருந்த இடத்திலேயே இருந்தால் அறுவை மருத்துவர் வெட்டி எடுத்துவிடலாம். ஆபத்தைக் கூட்டுவது பரவல்தான். கல்லீரல் புற்று அக்கம்பக்கத்து ரத்தக்குழாய்களுக்குள் எளிதாக இறங்கும் இயல்புள்ளது. இந்தக் கட்டத்துக்கு ஷாங்காய் குழு ஒன்று 2014இல் விவரித்த ஏ.டி.பி. என்ற ஆர்.என்.ஏ. நல்ல எடுத்துக்காட்டு. காயம்பட்டுத் தழும்பேறிய கல்லீரலில் டி.ஜி.எஃப்.-பீட்டா என்ற சமிக்ஞைப் புரதம் எப்போதும் அதிகமாக இருக்கும். அதுதான் ஏ.டி.பி.யை எழுப்புகிறது. எழுந்த ஏ.டி.பி., மிர்-200 குடும்பத்துக் குட்டி ஆர்.என்.ஏ.க்களைத் தன்பக்கம் இழுத்துக்கொள்கிறது. அவை அடக்கிவைத்திருந்த ஜெப்1, ஜெப்2 புரதங்கள் கட்டவிழ்கின்றன. அண்டைச் செல்லோடு கைகோத்து வரிசையாக நின்ற செல், பிடியை விட்டுவிட்டு நகரும் செல்லாக உருமாறுகிறது. இது முதல் பாதி. ரத்தத்தில் ஏறிய செல் வேறு உறுப்பில் போய் இறங்கிப் பிழைக்கவும் வேண்டுமே. அங்கே அதே ஏ.டி.பி. வேறொரு வேலை செய்கிறது: இன்டர்லூக்கின்-11இன் ஆர்.என்.ஏ.வோடு சேர்ந்து அதை நிலைக்கவைக்கிறது; அந்த இன்டர்லூக்கின் ஸ்டாட்3 பாதையைத் தூண்டி, செல் அந்நிய மண்ணில் வேரூன்ற உதவுகிறது. ஒரே மூலக்கூறு புறப்படவும் உதவுகிறது, குடியேறவும் உதவுகிறது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹாட்டேர் என்ற ஆர்.என்.ஏ. 2007இல் கண்டறியப்பட்டது. பன்னிரண்டாம் குரோமோசோமில் பிறந்து, இரண்டாம் குரோமோசோமில் உள்ள ஜீன்களை மூடவைக்கிறது என்றார்கள். கட்டியில் ஹாட்டேர் அதிகமாக இருந்தவர்களுக்குக் கல்லீரல் மாற்று அறுவைக்குப் பிறகும் நோய் திரும்பும் வாய்ப்பு கூடுதல் என்று 2011இல் ஓர் ஆய்வு காட்டியது. மாற்று அறுவைக்கு உறுப்பு கிடைப்பதே அரிது என்பதால், யாருக்கு நோய் திரும்பும் என்று முன்கூட்டியே அறிவது பெரிய விஷயம். எல்.என்.சி.டி.சி.எஃப்.7 என்பது கட்டியை மறுபடி மறுபடி முளைக்கவைக்கும் விதைச்செல்களைத் தக்கவைப்பது. மெக்3 இவற்றுக்கு எதிர்த்திசை. அது கடிவாளம் போடும் ஆர்.என்.ஏ.; புற்றில் அதன் வாசலில் மீத்தைல் என்ற வேதித் துணுக்குகள் ஒட்டிப் பூட்டு விழுந்து மௌனமாகிவிடுகிறது.

இதுவரை சொன்னதை வாசித்துவிட்டு, இதோ எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைத்தால் அது என் தவறாகும். ஒரு கட்டியை எடுத்து, பக்கத்திலிருக்கும் நல்ல திசுவோடு ஒப்பிட்டால் நூற்றுக்கணக்கான நீள் ஆர்.என்.ஏ.க்கள் ஏறியோ இறங்கியோ இருக்கும். ஊரே தீப்பற்றி எரியும்போது எல்லாக் கூரையிலும் புகை தெரியும். எது நெருப்பு, எது புகை என்று பிரிப்பதுதான் வேலை. இத்துறையில் வெளிவரும் கட்டுரைகளில் பெரும்பங்கு ஒரே வார்ப்பில் இருக்கின்றன: ஓர் ஆர்.என்.ஏ. உயர்ந்திருக்கிறது, அது ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ.வை உறிஞ்சுகிறது, அதனால் ஒரு புரதம் கூடுகிறது. பெயர்கள் மட்டும் மாறும்.

இந்த ‘உறிஞ்சல்’ விளக்கத்துக்கு எதிரான கணக்கு ஒன்றும் கல்லீரலிலிருந்தே வந்தது. சூரிச்சில் மார்க்கஸ் ஸ்டோஃபலின் ஆய்வகம் 2014இல், கல்லீரல் செல்களில் மிகுந்திருக்கும் மிர்-122ஐ எடுத்துக்கொண்டு எண்ணிப் பார்த்தது. ஒரு செல்லில் ஒட்டுமிடங்கள் சுமார் 1.5 லட்சம் கூடுதலாகச் சேர்ந்தால்தான் மற்ற ஆர்.என்.ஏ.க்கள் மீதான அடக்குமுறை கண்ணுக்குத் தெரியும் அளவுக்குத் தளர்கிறது என்று கண்டார்கள். பல நீள் ஆர்.என்.ஏ.க்கள் ஒரு செல்லுக்கு ஒரு சில படிகள்தான் இருக்கும். கடலில் விழுந்த ஒரு பிடி உப்பு கடலைக் கரிக்கவைக்காது. ஹல்க் போல் கட்டிக்குள் ஏராளமாகக் கூடுவதற்கு இந்த விளக்கம் பொருந்தலாம். பத்துப் படிகள் உள்ள ஒன்றுக்குப் பொருந்துமா என்று கேட்காத கட்டுரையை நான் இப்போதெல்லாம் நம்புவதில்லை. எண்ணிக்கையைச் சொல்லாமல் உறிஞ்சலைப் பற்றிப் பேசுவது, பானையின் அளவைச் சொல்லாமல் சோறு போதும் என்று சொல்வது போல.

மலாட்1 கற்றுக்கொடுத்த பாடம் இன்னும் கடுமையானது. 2003இல் நுரையீரல் புற்றின் பரவலோடு தொடர்புபடுத்தப்பட்ட இது, கல்லீரல் புற்றிலும் உயர்ந்திருக்கிறது. மாற்று அறுவைக்குப் பின் நோய் திரும்புவதோடும் சேர்த்துப் பேசப்பட்டது. செல்லின் உட்கருவில் மிக அதிகமாக இருக்கும் ஆர்.என்.ஏ.க்களில் இதுவும் ஒன்று. அப்படியானால் இது இல்லாமல் உயிர் பிழைக்காது என்றுதானே தோன்றும்? 2012இல் மூன்று குழுக்கள் தனித்தனியே இந்த ஜீனை நீக்கிய எலிகளை உருவாக்கின. எலிகள் பிறந்தன, வளர்ந்தன, குட்டி போட்டன. பிறகு 2018இல் மார்பகப் புற்றில் மலாட்1 பரவலைத் தடுக்கிறது என்றே ஒரு குழு காட்டியது.

எச்19 கதையும் நேர்கோட்டில் போகவில்லை. 2007இல் ஜெருசலேம் குழு, மனிதக் கல்லீரல் புற்றுச் செல்களில் எச்19ஐ அடக்கினால் கட்டி வளர்வது தடைபடுகிறது என்றது. அடுத்த ஆண்டே பாரிஸ் குழு, எச்19 இல்லாத எலிகளில் கல்லீரல் கட்டிகள் இன்னும் சீக்கிரமாக வருகின்றன என்றது. இரண்டும் கவனமாகச் செய்த ஆய்வுகள். ஒருவேளை கட்டி தொடங்கும் கட்டத்தில் காவலாகவும், வேரூன்றிய பிறகு துணையாகவும் அது இருக்கலாம். மேலும் எச்19க்குள்ளேயே மிர்-675 என்ற குட்டி ஆர்.என்.ஏ. ஒளிந்திருக்கிறது, பக்கத்திலேயே, தந்தை வழிப் பிரதியிலிருந்து மட்டும் பேசும் ஐ.ஜி.எஃப்.2 என்ற வளர்ச்சி ஜீன் இருக்கிறது. எச்19 தாய் வழிப் பிரதியிலிருந்து மட்டும் பேசும். ஜீன் துண்டை வெட்டி எடுக்கும்போது ஆர்.என்.ஏ.வை நீக்கினோமா, பக்கத்து ஜீனின் கட்டுப்பாட்டைக் குலைத்தோமா என்று சொல்வது எளிதல்ல. இதில் அவசரப்பட்டு ஒரு பக்கம் சாய்வதைவிட, எந்தக் கட்டம், எந்தச் செல், எந்தக் காரணத்தால் வந்த கட்டி என்று கேட்டு நிறுத்திக்கொள்வதே நேர்மை.

சரி, நோயாளிக்கு இதனால் என்ன? முதலாவது, அந்த ரத்தப் பரிசோதனைத் தாள். ஏ.எஃப்.பி. குறையுள்ள சோதனை. கட்டி சிறியதாக இருக்கும்போது பலருக்கு அது உயர்வதே இல்லை. கல்லீரல் அழற்சி மட்டும் இருந்தாலும் சிலருக்கு உயர்ந்துவிடும். ஹல்க் உட்பட சில நீள் ஆர்.என்.ஏ.க்களை ரத்தத்தில் அளந்து ஏ.எஃப்.பி.யோடு சேர்த்துப் பார்த்தால் தெளிவு கூடுகிறது என்று பல சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் ரத்தத்தில் ஆர்.என்.ஏ. சீக்கிரம் சிதையும். ரத்தம் எடுத்து எவ்வளவு நேரத்தில் பிரித்தார்கள், எதோடு ஒப்பிட்டு அளந்தார்கள் என்பதைப் பொறுத்து எண் மாறும். இந்த லேபில் ஒன்று, அந்த லேபில் ஒன்று என்று வரும் எண்ணை வைத்து யாரையும் அறுவை அரங்குக்கு அனுப்ப முடியாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுப்பதுதான் இன்றும் நம்பகமான வழி. அதைத் தவறவிட வேண்டாம் என்று இந்தக் கட்டுரையை வாசிக்கும் கல்லீரல் நோயாளிகள் ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டாவது, மருந்து. ஆர்.என்.ஏ.வைக் குறிவைக்கும் மருந்துகள் இப்போது கனவல்ல. குறிப்பிட்ட ஆர்.என்.ஏ.வைத் தேடிச் சிதைக்கும் முதல் சிறு ஆர்.என்.ஏ. மருந்தான பாடிசிரான் 2018இல் அனுமதி பெற்றது. அது போய்ச் சேரும் உறுப்பு கல்லீரல். கொலஸ்ட்ராலுக்கு ஆண்டுக்கு இரண்டு ஊசியாகப் போடும் இன்க்ளிசிரானும் கல்லீரல் செல்லுக்குள்தான் போகிறது. அதன் முனையில் கால்நாக் என்ற சர்க்கரை மூலக்கூறு ஒட்டப்பட்டிருக்கிறது. கல்லீரல் செல்களின் மேற்பரப்பில் அந்தச் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும் ஏற்பிகள் நிறைந்திருப்பதால், மருந்து தானாக அங்கே போய்ச் சேர்கிறது. ஆர்.என்.ஏ. மருந்துக்கு உடம்பில் மிகவும் எளிதான உறுப்பு கல்லீரல்தான்.

அப்படியிருந்தும் ஹல்க்குக்கோ ஏ.டி.பி.க்கோ எதிராக அனுமதி பெற்ற மருந்து ஒன்றும் இல்லை. இதற்கு ஒரு காரணம் எலிகள். புரத ஜீன்களைப் போல நீள் ஆர்.என்.ஏ.க்கள் இனம் விட்டு இனம் எழுத்து மாறாமல் வருவதில்லை. மனிதனில் இருப்பதற்கு எலியில் ஈடான ஒன்று இல்லாமலே போகலாம். மருந்தின் பக்கவிளைவை எலியில் முழுமையாகச் சோதிக்க முடியாது. இன்னொரு காரணம், கட்டியின் இயல்பு. கால்நாக்கை இழுக்கும் ஏற்பி, முதிர்ந்த கல்லீரல் செல்லின் அடையாளம். புற்றுச் செல் எவ்வளவுக்கெவ்வளவு தன் இயல்பை இழந்து சிசுப்பருவத்தை நோக்கித் திரும்புகிறதோ, அவ்வளவுக்கவ்வளவு அந்த ஏற்பியும் குறைகிறது. சர்க்கரை பூசிய மருந்தை அருகிலிருக்கும் நல்ல செல்கள் வாங்கிக்கொள்ளும்; முற்றிய கட்டியின் கதவோ மூடியிருக்கும்.

சிலர் இதே தர்க்கத்தைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். எச்19 வாசல் பகுதியைக் கொண்டு, எச்19 பேசும் செல்லுக்குள் மட்டும் டிஃப்தீரியா நஞ்சு உருவாகும்படி செய்த டி.என்.ஏ. மருந்து ஒன்றை ஜெருசலேமில் உருவாக்கி, சிறுநீர்ப்பைப் புற்று நோயாளிகளிடம் சோதித்தார்கள். கல்லீரல் புற்றில், ஒரு ஜீனை அடக்குவதற்குப் பதிலாக உயர்த்தும் சிறு ஆர்.என்.ஏ. மருந்து மனிதர்களிடம் முதன்முதலாகச் சோதிக்கப்பட்டது. அது உயர்த்துவது சி.இ.பி.பி.-ஆல்ஃபா என்ற ஜீனை. கல்லீரல் செல்லைக் கல்லீரல் செல்லாக வைத்திருக்கும் கட்டளைப் புரதம் அதிலிருந்துதான் வருகிறது. கொழுப்புத் துளிக்குள் பொதிந்து ரத்தநாளத்தில் ஏற்றப்பட்ட அந்த மருந்தால், ஆரம்பக்கட்டச் சோதனையிலேயே சிலருக்குக் கட்டி சுருங்கியது.